மாலதி கடையில் பால் திரிந்தபோது

ஆசை அம்மாவுக்கு,

நீ இருந்திருந்தால் இதைச் சொல்ல ஓடி வந்திருப்பேன். நீயும், "மெதுவா சொல்லுடி, அடுப்புல குழம்பு இருக்குது" என்று பாதிக் காதைத்தான் கொடுத்திருப்பாய். இப்போது உனக்கு அடுப்பும் இல்லை, குழம்பும் இல்லை. முழுசாகக் கேள்.

நாளைக்கு உன் முதல் வருஷப் படையல். இலை போட்டு, உனக்குப் பிடித்ததையெல்லாம் வைத்து, கதவைச் சாத்திவிட்டு நாங்கள் கொஞ்ச நேரம் வெளியே நிற்க வேண்டும். நீ வந்து சாப்பிடுவாய் என்பது வழக்கம். நீ வருவதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இலையில் எதை வைப்பது என்பதில்தான் இவ்வளவு நாள் முழித்துக்கொண்டிருந்தோம்.

அப்பாதான் ஆரம்பித்தார். தறியில் உட்கார்ந்தபடியே, "ஏம்மா, உங்கம்மாவுக்கு இன்னா பிடிக்கும்?" என்று கேட்டார். நான் ஒவ்வொருவருக்காக விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அப்பாவுக்குக் கத்தரிக்காய் காரக்குழம்பு, தம்பிக்கு உருளைக்கிழங்கு, எனக்கு அதிரசம், அத்தைக்கு மிளகு வடை. எல்லாம் நீ செய்து போட்டதால் தெரியும். உனக்கு? கடைசியில் உட்கார்ந்து மிச்சம் இருப்பதைப் போட்டுக்கொள்வாய். மிச்சமா பிடிக்கும் உனக்கு?

"மைசூர்பாகு வெச்சிடலாம்பா, எல்லாருக்கும் பிடிக்கும்" என்றார் அத்தை. உன் நாத்தனாருக்கு எதற்கும் ஒரு முடிவு கைவசம் இருக்கும் என்பது உனக்குத் தெரியாததா? அப்பாவுக்கு வந்ததே கோபம். "எல்லாருக்கும் பிடிக்கிறத யார் கேட்டா? அவளுக்கு இன்னா பிடிக்கும்னு கேட்டேன்." அன்றிலிருந்து நூல் சுற்றிய தறி நாடாவைக் கையில் பிடித்தபடி ஓட்டாமல் யோசித்துக்கொண்டிருப்பார். புடவையின் முந்தானை வேலை அப்படியே நின்றது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு ஒரு வாய் இனிப்பு எதுவென்று தெரியவில்லையே என்று மனுஷன் உள்ளுக்குள் நொந்துபோயிருந்தார்.

இந்த நிலையில்தான் சனிக்கிழமை சரிகை வாங்க அவரோடு கடைத்தெருவுக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் செருப்புக் கடை இருந்ததே, அங்கே இப்போது ஒரு வங்காளிக் கடை. முன்னால் கண்ணாடிப் பெட்டியில் இனிப்பு, உள்ளே நாலு மேசை போட்டுச் சாப்பாடு. ஒரகடம் கம்பெனிகளில் வேலை பார்க்கிற வங்காளப் பிள்ளைகள் லீவு நாளில் மொய்க்கிறார்கள். அப்பா கண்ணாடிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"இன்னாமா இது, ஒரு மஞ்ச இல்ல, ஒரு செவப்பு இல்ல. எல்லாம் வெள்ளையா இருக்குது. சாயம் போடவே மறந்துட்டாங்களா?"

உள்ளேயிருந்து கடுகெண்ணெயில் மீன் வறுபடும் வாசனை வந்தது. நம் வீட்டுச் சைவத்துக்கு அப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிடுவார் என்று பார்த்தால், செருப்பை ஓரமாக விட்டுவிட்டு உள்ளே போகிறார்! கோயில் வாசலில் வடநாட்டு யாத்திரைக்காரர்களை நிறுத்தி, பாஷை தெரியாமல் கையைக் காட்டியே "உங்க வீட்டுல இன்னா சமையல்?" என்று கேட்பாயே, அந்த வியாதியை அவருக்கும் ஒட்டவைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

கடைக்கார அம்மா பேர் மாலதி, தமிழும் பழகியிருக்கிறார். பேரைக் கேட்டதும் அப்பாவுக்குப் பாதி பயம் போய்விட்டது. "ஒக்காருங்க ஐயா, மீன் வேணாம்னா வேற தரேன்" என்று வெள்ளை வெளேரென்று மைதா பூரியும், தேங்காய்ப் பல் போட்ட கடலைப்பருப்பும் வைத்தார். ஒரு வாய் வைத்தவர் என் பக்கம் குனிந்து, "பருப்புல சக்கர போட்டுக்கிறாங்கமா" என்று ரகசியம் சொன்னார். சொல்லிவிட்டு இன்னும் இரண்டு பூரி கேட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் சும்மா இருந்தாரா? "அந்த வெள்ள இனிப்பு இன்னா மாவுமா?" என்றார். "மாவு இல்ல ஐயா, பால். வாங்க, பாருங்க" என்று மாலதி எங்களை அடுப்பங்கரைக்கே கூட்டிப்போனார். அவர் வீட்டுக்காரர் பெரிய அண்டாவில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். நல்ல பால், ஏடு கட்டி வந்துகொண்டிருந்தது. மாலதி ஏதோ புளித்த தண்ணீரை மொண்டு அதில் ஊற்றினார். கண்ணெதிரே அத்தனை பாலும் திரிதிரியாகப் போயிற்று.

"ஐயய்யோ! நிறுத்துமா, பாலு திரிஞ்சிடிச்சி!"

அப்பா பாய்ந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டார் அம்மா! அதோடு விட்டாரா? "மனச விடாதமா. எனக்குத் தெரிஞ்ச பால்காரரு இருக்கறாரு, இப்பவே வேற பால் வரவெக்கறேன். இன்னிக்கி மட்டும் நல்ல காரியம் எதுவும் ஆரம்பிக்காதீங்க" என்று அந்த அம்மாவுக்கு ஆறுதல் வேறு. மாலதி தன் பாஷையில் வீட்டுக்காரரிடம் சொல்ல, அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"திரியணும் ஐயா. திரிஞ்சாதான் ஸ்வீட். எங்க ஊர்ல கல்யாணத்துக்கும் இதான், சாமிக்கும் இதான்" என்றார் மாலதி.

"சாமிக்குமா?" அப்பா நம்பவே இல்லை.

துணியில் வடிகட்டிப் பிழிந்து, சூடு ஆறுமுன் ஈச்சவெல்லம் போட்டுப் பிசைந்து, வாணலியில் ஒரு புரட்டு புரட்டி, ஆளுக்கு ஓர் உருண்டை கொடுத்தார். அப்பா வாயில் போட்டார். மெல்லவில்லை.

"இது உங்கம்மா துன்றது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார். நம் வீட்டில் பால் திரிந்தால் அத்தை, "வூட்டுக்கு ஆவாது, கொண்டுபோய்ப் பின்னால ஊத்து" என்பார். நீ பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போவாய். ஊற்றமாட்டாயாம். பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, வெல்லம் போட்டுக் கிளறி, டம்ளரில் போட்டு, பின்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு சாப்பிடுவாயாம். ஒரு தடவை தறிக்குப் பாவு நூலை நனைக்கத் தண்ணீர் எடுக்க வந்த அப்பா பார்த்துவிட்டார். "கெட்ட பாலு, புள்ளைங்களுக்குக் குடுக்கப் பயமா இருக்குது" என்று சொல்லி அவருக்கு ஒரு ஸ்பூன் கொடுத்தாயாம்.

"ஒரே ஒரு ஸ்பூன்தாம்மா. கொழம்புன்னா சட்டியோட என் இலையில கவுப்பா. அத மட்டும் டம்ளர கெட்டியாப் புடிச்சிக்கினா." சொல்லும்போதே அப்பா அழுதுவிட்டார். மாலதி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

எனக்கு உன்னைக் கேட்க எவ்வளவோ இருக்கிறது. யார் சொல்லிக்கொடுத்தது உனக்கு? யாரும் சொல்லாமல், வீணாகப் போகிறதே என்று நீயே கண்டுபிடித்தாயா? நீ கதவு மறைவில் செய்ததை ஒரு தேசமே கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்கிறது என்று தெரிந்தால் என்ன சொல்லியிருப்பாய்? அந்த மாலதியை நீ விட்டிருப்பாயா, என்ன? இந்நேரம் அவர் அடுப்பங்கரையில் பாதி உன்னுடையதாக ஆகியிருக்கும்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும், நினைத்தபடியே அத்தை குதித்தார். "திரிஞ்ச பாலையா படையல்ல வெப்பீங்க? ஊரு சிரிக்காது?" அப்பா சத்தம் போடவில்லை. "நாம சாப்பிடறதுக்கு இல்லக்கா, அவ சாப்பிடறதுக்கு" என்றார். கடையில் வாங்கவும் சம்மதிக்கவில்லை. தானேதான் செய்வாராம்.

இன்றைக்கு மாலை ஒத்திகை நடந்தது. அப்பா எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பொங்கி வரும் பாலைப் பார்த்தபடி நின்றார். இத்தனை வருஷத்துப் பயம், கை போகவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு பிழிந்தார். நம் வீட்டில் முதல்முதலாக வேண்டுமென்றே பால் திரிந்தது. வடிகட்டி, வெல்லம் போட்டுக் கிளறும்போது அத்தை நிலைப்படியில் வந்து நின்று எட்டிப் பார்த்தார்.

"வெல்லம் பத்தாது. அவ இன்னும் கொஞ்சம் போடுவா."

அப்பா கரண்டியை நிறுத்திவிட்டார். நானும் திரும்பினேன். "இன்னா பாக்கறீங்க? பாத்திரத்துல ஒட்டிக்கினு இருக்கறத நான் வழிச்சுத் தின்னதே இல்லையா?" என்று முறைத்துவிட்டு, வெல்லத்தை உடைக்க உட்கார்ந்தார்.

உனக்கு இது தெரியுமா அம்மா? பாத்திரத்தில் கொஞ்சம் ஒட்டவிட்டது, அத்தை வழித்துத் தின்பார் என்று தெரிந்துதானா? பின்னால் கொண்டுபோய் ஊற்று என்று அத்தை உன்னை அனுப்பியதும், நீ ஊற்றாமல் சாப்பிடுவாய் என்று தெரிந்துதானோ? நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் அத்தை சொல்லவும் மாட்டார்.

நாளைக்கு இலையில் சோறு, குழம்பு எல்லாம் இருக்கும். அதன் பக்கத்தில் உன் டம்ளர் நிறைய அந்த இனிப்பு இருக்கும். யாருக்கும் பங்கு வைக்க வேண்டாம், எங்களுக்கு இன்றைக்குச் செய்ததை எடுத்து வைத்தாயிற்று. இனி நம் வீட்டில் திரிந்த பாலைக் கீழே ஊற்றமாட்டேன், இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. நீ உட்கார மணை போட்டுவிட்டுத்தான் கதவைச் சாத்துவேன். அவசரம் இல்லை, எவ்வளவு நேரமானாலும் வெளியே நிற்கிறோம்.

இந்தத் தடவை உட்கார்ந்து சாப்பிடு, அம்மா.

பிள்ளையார்பாளையத்திலிருந்து,
உன் தலைச்சன் பெண்