அலிப்பூரில் சொன்ன பேர்

காளிகாட், கல்கத்தா
சித்தார்த்தி வருஷம், ஆவணி 20

சிரஞ்சீவி மஹாதேவனுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே மிச்சமிருக்கிறவர்கள் க்ஷேமம். நீ எழுந்து நடமாடுகிறாய், சாதம் இறங்குகிறது என்று உன் கையால் நாலு வரி வந்தால்தான் நானும் க்ஷேமம் என்று எழுதலாம். உன் கடிதம் டர்பனிலிருந்து ஒரு மாதம் கழித்து வந்தது. இந்த வருஷமும் அங்கே காய்ச்சல் திரும்பிவிட்டது, அதைக் கொண்டுவந்ததே இந்தியர்கள்தான் என்று ஊரில் பேசுகிறார்கள், ஆஸ்பத்திரியில் உங்களவர்களுக்கு இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், நான் பாடம் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடத்து பெஞ்சிலேயே ஆறு நாள் கிடந்தேன், நானே எழுந்து தண்ணீர் குடித்தேன் என்று ஒரே மூச்சில் எழுதியிருக்கிறாய். நானே எழுந்து என்ற வரியை மூன்று தரம் படித்தேன். துரை உடம்பில் வந்தால் காய்ச்சல், நம் உடம்பில் வந்தால் அழுக்கா? போன ஐப்பசியில் இந்த ஊர் துரைகளும்தான் படுத்தார்கள், அவர்களை யாரும் பெஞ்சில் போடவில்லை.

அன்றைக்கே தீர்மானித்தேன், உன் பெண்டாட்டியை இனி இங்கே வைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று. உன் அப்பாவோடு ஆபீஸில் இருந்த பட்டாபிராமன் மாமாதான் இப்போது நமக்கு எல்லாவற்றுக்கும் ஓடுகிறார். அவர் பேப்பர் பார்த்துச் சொன்னார், போன வருஷம் லண்டனில் ராஜாங்கத்தார் எல்லோரும் கூடி, வெளிதேசத்தில் குடியிருக்கிற இந்தியன் ஒரே ஒரு பெண்டாட்டியை அழைத்துக்கொள்ளலாம், ஆனால் அவள் அவன் பெண்டாட்டிதான் என்று நம் சர்க்கார் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்களாம். சண்டைக்கு லட்சம் லட்சமாய் ஆள் பிடித்தபோது எவனும் காகிதம் கேட்கவில்லை. நம் கல்யாணத்தில் காகிதம் ஏது, பார்த்தவர்கள்தானே சாட்சி. பண்ணிவைத்த சாஸ்திரிகளும், கன்னிகாதானம் கொடுத்த காமுவின் அப்பாவும், உன் அப்பாவும் அந்த ஒரே ஐப்பசியில் போய்விட்டார்கள். மணையோரம் நின்றவர்களில் நான் ஒருத்திதான் பாக்கி. புருஷன் போய் வருஷம் திரும்பாதவள் வாசல்படி தாண்டலாமா என்று தெருவில் பேசினார்கள், பேசட்டும். கதவு போட்ட குதிரை வண்டி வைத்துக்கொண்டு நானும் காமுவும் மாமாவுமாக அலிப்பூர் பக்கத்து சர்க்கார் ஆபீஸ் ஒன்றுக்குப் போனோம்.

அங்கே ஒரு துரையும் பக்கத்தில் ஒரு வங்காளி கிளார்க் பாபுவும். காமுவிடம் கேட்ட முதல் கேள்வியே உன் புருஷன் பேர் என்ன என்பதுதான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டாம் தரம் கேட்டார்கள், மூன்றாம் தரம் அதட்டினார்கள், அவள் மாமாவைப் பார்க்கிறாள், நீங்கள் சொல்லுங்கள் என்று. எங்கள் வீட்டுப் பெண்களும் சொல்லமாட்டார்கள் என்று பாபுவே துரையிடம் எடுத்துச் சொன்னார், நல்ல மனுஷன். அவள் வாயால்தான் வரவேண்டுமாம். புருஷன் பேர் தெரியாதவள் எப்படிப் பெண்டாட்டி, எவளையோ கூட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று துரை சிரித்தானாம், மாமா வண்டியில் வரும்போது சொன்னார். மறுபடி ஒரே ஒரு தடவை வரலாம், அப்போதும் வாய் திறக்காவிட்டால் இல்லை என்று எழுதிவிடுவார்கள். கப்பலோ புரட்டாசி பத்தாம் தேதி. அதை விட்டால் இனி எப்போது இடம் கிடைக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்து அவளைத் திட்டினேன், மறைக்கவில்லை. அவள் அழவில்லை. பேரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பார்களே அம்மா, இந்தக் காய்ச்சல் காலத்தில் எப்படிச் சொல்வேன் என்று கேட்டாள். எனக்குக் கோபம் எங்கே போயிற்றோ. நான் முப்பத்தோரு வருஷம் ஒரு தரம்கூடச் சொல்லவில்லையடி, நாலே நாளில் போய்விட்டாரே என்றேன்.

நேற்று மறுபடி போனோம். கேட்டதும் நிமிர்ந்து பார்த்து, மஹாதேவன் என்றாள், அறை முழுக்கக் கேட்டது. பாபு எழுதிக்கொண்டார். அப்புறம் சாட்சி என்று என் பக்கம் திரும்பி என் புருஷன் பேரைக் கேட்டார்கள். அவளுக்கு அவ்வளவு சொன்ன நானே தலையைக் குனிந்துகொண்டு மாமாவைப் பார்த்தேன். காமு என் கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிட்டேனடா. காகிதம் கையில் கிடைத்துவிட்டது.

கப்பல் வருகிற அன்று பள்ளிக்கூடத்துக் கடிதத்தோடு துறைமுகத்தில் முன்னதாகவே போய் நில். அங்கேயும் கேட்பார்கள், அவள் சொல்வாள். அவள் கொண்டுவரும் சுக்குப் பொடியை வெந்நீரில் குடி, கம்பளியை அலட்சியம் பண்ணாதே. இன்னொன்று, உனக்கு நான் இதுவரை எழுதாதது. உன் அப்பாவுக்கு நினைவு தப்பின அன்று, பேர் சொல்லி உரக்கக் கூப்பிடுங்கள், திரும்பிப் பார்த்தாலும் பார்ப்பார் என்று டாக்டர் சொன்னார். நான் ஏன்னா ஏன்னா என்றுதான் கூப்பிட்டேன். அவருக்காக வராதது நேற்று ஒரு துரைக்காக வந்தது. காமுவிடம் சொல்லியனுப்புகிறேன், உனக்கு உடம்புக்கு வந்தால் பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்லி. கூப்பிட்டால் திரும்பிப் பார், கண்ணா.

நூறு வயசு இரு.

உன் அம்மா
ஜகதாம்பாள்