தலைக்கனக்காரி

மார்ச் 4
ஸ்கேனில் குழந்தையின் தலை மட்டும் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறதாம். இவருடைய அக்காவிடம் போனில் சொன்னேன். "அப்படியே உன்னை உரிச்சு வச்சிருக்கு. அதே தலைக்கனம்!" அண்ணியின் வாயை யாரால் மூட முடியும்? சிரித்துக்கொண்டே சின்னச் சட்டைகளை மடித்து வைத்தேன்.

மார்ச் 21
பெண். நேற்றுக் காலை பிறந்தாள். அழுதாள், கேட்டேன். மதியத்துக்குள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயம் வீங்கியிருக்கிறது என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மார்ச் 22
கோளாறு இதயத்தில் இல்லையாம். மூளையின் நடுவே தமனிகள் நேராக ஒரு சிரைக்குள் கொட்டுகின்றன. ரத்தம் மூளைக்கு எதையும் கொடுக்காமலே திரும்பிவிடுகிறது. அதை ஈடுகட்ட இதயம் ஓடி ஓடிக் களைத்துப்போகிறது.

டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். குழந்தையின் உச்சிக்குழியில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, மறுமுனையை என் காதில் மாட்டிவிட்டார். குழாய் உடைந்து தண்ணீர் பீறிடுவது போல இரைச்சல். வயிற்றுக்குள் இருந்தபோதும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாளா?

மார்ச் 24
இத்தனை வருடம் கண்டதையெல்லாம் படித்தேன். நேற்றிரவு இந்த நோயைப் பற்றிப் படித்ததை மட்டும் மறக்க முடிந்தால் போதும். சிகிச்சை செய்யாவிட்டால் அநேகமாக யாரும் — எழுத மாட்டேன்.

மார்ச் 25
தொடை வழியாக மெல்லிய குழாயை மூளைவரை செலுத்தி, அந்தத் தப்பான இணைப்பைப் பசையால் அடைப்பார்கள். அப்போதே உயிர் போகவும் கூடும்.

"அடைச்சா இதயம் தேறிடும். ஆனா மூளையில பின்பக்கம் ஏற்கெனவே கெட்டிருக்கு, அது திரும்பாது. பார்வை எப்படி இருக்கும்னு இப்ப சொல்ல முடியாது," என்றார் டாக்டர்.

"அவளுக்கு வலிக்குமா?" இவர் கேட்டது அது ஒன்றுதான்.

வெளியே படிக்கட்டில், "நீயே சொல்லேன், என்ன பண்ணலாம்?" என்றார்.

"எல்லாத்துக்கும் நான்தானா? அவ உங்களுக்கும் பொண்ணுதானே?"

கத்திவிட்டேன். பாவம், மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் இரண்டு பேரும் உள்ளே போய், செய்யுங்கள் என்றோம்.

மார்ச் 27
உயிரோடு வெளியே வந்தாள்.

ஏப்ரல் 16
மிச்சமிருந்ததையும் இரண்டாம் முறை குழாய் விட்டு அடைத்துவிட்டார்கள். இன்று மூச்சுக்கருவியை எடுத்தாயிற்று. இவர் குனிந்து, "என்ன மேடம், தலைக்கனம் குறைஞ்சுதா?" என்றார். நர்ஸ் சிரித்துவிட்டார். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஜூன் 17
கண்ணுக்கு நேரே விளக்கைக் காட்டினார்கள். அசையவில்லை. காதருகே மணி அடித்தார்கள். திரும்பினாள். இடது கை முஷ்டி விரியவே மாட்டேன் என்கிறது.

"இனிமே உயிருக்குப் பயமில்ல," என்றார் டாக்டர். நன்றி சொன்னேன். உயிரைத்தானே கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். வேறென்ன வேண்டும் உனக்கு? — எல்லாம் வேணும். எல்லாமே வேணும் எனக்கு.

ஜூலை 30
அண்ணி வந்திருந்தார். அவளை மடியில் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். சமையலறையிலிருந்து, "அண்ணி, டீயில சர்க்கரை போடட்டுமா?" என்று குரல் கொடுத்தேன்.

"ஏய், சிரிக்கிறாடி! முதல் சிரிப்பு! யாரைப் பார்த்துடி சிரிக்கி —"

பாதியில் நிறுத்திக்கொண்டார். சமையலறை வாசற்படிக்கு வந்தேன். அண்ணியின் கண் கலங்கியிருந்தது. குழந்தையின் முகம் யார் பக்கமும் திரும்பாமல் இருந்தது, உதடு மட்டும் இன்னும் மலர்ந்தபடி.

"நீ பேசினதுக்குத்தான். இன்னொரு தடவை கேளு," என்றார் அண்ணி, மெதுவாக.

கேட்டேன். போடட்டுமா அண்ணி, வேண்டாமா, எத்தனை கரண்டி என்று டீ ஆறிப்போகும்வரை கேட்டுக்கொண்டே இருந்தேன்.