உரல் வாங்க வந்தவர்கள் கேட்ட பாட்டு

என் செல்ல மாப்பிள்ளை சடையனுக்கு,

எங்கே இருந்தாலும் முதலில் உட்கார். நின்றுகொண்டே கேட்கிற சேதி இல்லை இது. உன் பெயர் அச்சில் வந்துவிட்டது. அதுவும் நீ ஆசைப்பட்ட குண்டு எழுத்தில்.

ஞாபகம் இருக்கிறதா? சேந்தமங்கலம் சந்தையில் நாடகக்காரர்கள் கொடுத்த நோட்டீசை வாங்கி, தலையில் இருந்த மிளகு மூட்டையை இறக்கக்கூட மறந்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றாயே. எழுத்தே தெரியாத உனக்கு அதில் என்னதான் தெரிந்தது? "மாமா, நம்ம பேரும் இப்படி வருமுங்களா?" என்றாய். "வரும் சாமி, எதையாச்சும் திருடு, போலீசுலயே அச்சடிச்சு ஒட்டுவாங்க" என்றேன். சிரித்தாய். ஆனால் அந்தக் காகிதத்தை மடித்துத் தலைப்பாகைக்குள் சொருகிக்கொண்டாய். நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன்.

நீ போன பிறகு உன் உடுக்கை நம் வீட்டுச் சுவரில்தான் தொங்கியது. உன் அக்கா, அதாவது என்னைக் கட்டிக்கொண்டு அவதிப்படுகிறவள், ஒருநாள் கயிறு திரித்துக்கொண்டே சொன்னாள்: "அடிக்க ஆளில்லாத உடுக்கை ஊட்டுல இருக்கப்படாதுங்க. வருசம் திரும்புற அன்னைக்குக் கோயில்ல கட்டிருங்க." கோயிலில் கட்டினால் அப்புறம் ஒருவரும் அதைத் தொடக் கூடாது. அது உனக்கே தெரியும்.

"ஏன், நான் ஒருத்தன் இல்லையா?" என்றேன்.

"நீங்க பின்பாட்டுதானுங்களே."

 உண்மைதானே? நீ ஓரடி பாடுவாய். நான் பின்னால் நின்றுகொண்டு "அப்புறம்?", "ஏறி?", "எறங்கி?" என்று கேட்பேன். இத்தனை காலமும் என் பிழைப்பு கேள்வி கேட்பதுதான். முன்பாட்டு இல்லாத பின்பாட்டு எதற்குப் பின்னால் போய் நிற்கும்? இருந்தாலும் வீம்பு விடுமா? "அன்னைக்கு நானே பாடறேன். பாட்டு வரலைன்னா நானே கொண்டுபோய்க் கட்டிர்றேன்" என்று சொல்லிவிட்டேன். பாடுவது என்றால் ஆள் கூட வேண்டுமே. அதற்குத்தான் நோட்டீசு.

மலையிறங்கி அச்சாபீசுக்குப் போனேன். அடடா, மாப்பிள்ளை, அது ஒரு தனி உலகம். ஈயத்தில் செய்த எழுத்துகள், சின்னச் சின்ன அறைகளில் தானியம் மாதிரி கொட்டிக் கிடக்கின்றன. எல்லாம் திரும்பி நிற்கும் எழுத்து. உன் பெயரைக் கோத்துக் காட்டினார் அச்சாபீஸ்காரர். வலப்பக்கமிருந்து இடப்பக்கமாக நின்றாய். எனக்குத் தெரிந்த கொஞ்ச எழுத்தும் மறந்துபோனது. காகிதத்தில் விழும்போது மட்டும் எப்படி நேராகிறது? கேட்டேன். "கண்ணாடியில மூஞ்சி பாத்ததில்லீங்களா?" என்றார். பார்த்திருக்கிறேன், அங்கே எதுவும் நேராகவில்லையே என்றேன். அதற்கப்புறம் அவர் என்னிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே பேசினார்.

"பேருக்கு முன்னால என்ன போடட்டுங்க? ஸ்ரீமானா, சங்கீத வித்வானா?"

"வெறும் சடையன்னு போடுங்க. வித்வான்னு போட்டா, வேற யாரோன்னு அவனே திரும்பிப் பாக்கமாட்டான். முன்பாட்டு சடையன். பின்பாட்டு பொன்னுசாமி. அவ்வளவுதானுங்க."

"அவரு நேரத்துக்கு வந்துருவாரில்ல?"

"அவன் செத்து வருசமாகப் போவுதுங்க."

கையில் இருந்த எழுத்தைக் கீழே வைத்துவிட்டார். "அப்ப, காலஞ்சென்றன்னு சேத்துப் போடோணுமுங்க. வந்தவங்க ஆளு எங்கேன்னு கேக்கமாட்டாங்களா?"

"அப்படிப் போட்டா கருமாதின்னு நெனச்சுப் பாதிப் பேரு வரமாட்டாங்க. மீதிப் பேரு சோத்துக்கு வருவாங்க. நீங்க சும்மா போடுங்க. ஆளு எங்கேன்னு கேக்கறதுக்காச்சும் வரட்டும்."

உலகச் சண்டைக்காலம், வெள்ளைக் காகிதம் கண்ணில் படவில்லை. எந்த நாடகக்காரரோ வேண்டாமென்று விட்டுப்போன ரோஸ் காகிதம் கிடந்தது. அதையே எடுக்கச் சொன்னேன். உன் மூஞ்சிக்கு ரோஸ் எடுக்காதுதான், பொறுத்துக்கொள்.

படத்துக்குத்தான் திண்டாட்டம். அவரிடம் குழலூதும் கிருஷ்ணன் அச்சு இருந்தது, வீணைக்காரப் பெண் இருந்தாள், யானைகூட இருந்தது. உடுக்கை இல்லை. "கிருஷ்ணனைப் போட்டுக்கலாமே" என்றார். உன்னையும் கிருஷ்ணனையும் ஒரே காகிதத்தில் வைத்தால் யாருக்கு அவமானம்? "நானே செஞ்சு கொண்டாரேன்" என்று மலையேறினேன்.

பலாக்கட்டையில் சூரிக்கத்தியால் செதுக்கினேன். திருப்பிச் செதுக்க வேண்டுமே என்று பயந்துகொண்டு உன் உடுக்கையை மடியில் வைத்துப் பார்த்தேன். இடப்பக்கமிருந்து பார்த்தாலும் உடுக்கை. வலப்பக்கமிருந்து பார்த்தாலும் உடுக்கை. தலைகீழாகப் பிடித்தாலும் அதேதான். இத்தனை வருடம் பக்கத்திலேயே நின்றும் இதை நான் கவனித்ததே இல்லை. நீ கவனித்திருந்தாயா? குறுக்கே கயிறுகளைக் கீறினேன். ஈய எழுத்தின் உயரத்துக்குச் சரியாக வரும்வரை கட்டையைக் கல்லில் தேய்த்தேன். மை தடவி அடித்ததும் ரோஸ் காகிதத்தில் கன்னங்கரேலென்று விழுந்தது. பக்கத்திலேயே உன் பெயர். அச்சாபீஸ்காரரே வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பரவாயில்லீங்க" என்றார்.

சந்தையில் கொடுத்தேன். மலையேறுகிறவர்கள் கையில் எல்லாம் திணித்தேன். நாளும் இடமும் மட்டும் வாயால் சொன்னேன், மீதிதான் காகிதத்தில் இருக்கிறதே. வாங்கியவர்களில் படிக்கத் தெரிந்தவர் யார்? எல்லோரும் படத்தைத்தான் பார்த்தார்கள். அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை பார்.

வருடம் திரும்பிய அன்று, பொழுது இறங்கும் நேரம், களத்துமேட்டில் உன் உடுக்கையோடு நின்றேன். கோயிலில் கட்டுவதற்கான புதுக்கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு உன் அக்கா உட்கார்ந்திருந்தாள். நம் வாழவந்தி நாட்டு ஆட்கள் கொஞ்சம் பேர். பிறகு பார்த்தால், மலையிலேயே எட்ட இருக்கிற திருப்புலி நாட்டிலிருந்து ஒரு கும்பலே வந்தது. தோளில் மூங்கில் தடி, கையில் கயிறு.

"ஏனுங்க, உரல் எங்கீங்க வச்சிருக்கீங்க?" என்றார் முன்னால் வந்த பெரியவர். ரோஸ் காகிதத்தை விரித்துக் காட்டினார். "சர்க்கார்ல குடுக்கறாங்களாமே?"

மேலும் கீழும் அகலம், நடுவில் சிறுத்த இடுப்பு. உரல்தான், மாப்பிள்ளை! செதுக்கிய எனக்கே அப்போது உரலாகத்தான் தெரிந்தது.

"உரல் இல்லீங்க, உடுக்கைங்க."

அவர் பின்னால் இருந்தவன் சொன்னான்: "நான் அப்பவே கேட்டேன், உரலுக்கு எதுக்குக் கவுறுன்னு. இவருதான் தூக்கறதுக்கு வாகா இருக்குமுன்னாரு."

களத்துமேடே சிரித்தது. சிரித்துவிட்டு எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். நான் உடுக்கையை அடித்து வாயைத் திறந்தேன். நீ கட்டிய கரடிப் பாட்டுதான். முதல் அடி வரவில்லை. என் வாய்க்குப் பழகியதுதான் வந்தது: "ஏறி?"

உன் அக்கா மடியில் இருந்த கயிற்றை எடுத்தாள். 

அப்போது அந்த உரல்காரர் கேட்டார்: "எது ஏறுச்சுங்க?"

"கரடிங்க" என்றேன்.

"எதுல ஏறுச்சு?"

"பலா மரத்துல."

"ஏறி?"

அவர் கேட்கக் கேட்கப் பாட்டு வந்துகொண்டே இருந்தது. ஏறி, பறித்து, உரித்து, பிசின் ஒட்டி, முழித்து... நான் கேட்ட கேள்விக்குள்ளேயே நீ பாடியதெல்லாம் இருந்திருக்கிறது. கேட்க ஒருவர் கிடைத்ததும் வெளியே வந்தது. நான் எப்போது முன்னால் வந்தேன், அவர் எப்போது எனக்குப் பின்னால் போனார், எனக்கே தெரியாது.

முடிவில்தான் மாட்டிக்கொண்டேன். நீ ஒவ்வொரு தடவையும் ஒரு முடிவு பாடுவாய். அதில் எதுதான் நிஜ முடிவு? என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா? "கரடி கடைசியில என்னாச்சுங்க?" என்று உரல்காரர் விடாமல் கேட்டார். கரடி ஒரு ரோஸ் நோட்டீசைப் பார்த்து, தடியும் கயிறும் எடுத்துக்கொண்டு உரல் வாங்க மலையேறியது என்று முடித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தவர் அவர்தான்.

 உன் அக்கா, கோயிலுக்கென்று திரித்த புதுக்கயிற்றில் மறுநாள் கன்றுக்குட்டியைக் கட்டியிருந்தாள். உடுக்கை சுவருக்கே திரும்பிவிட்டது. பக்கத்தில் உன் நோட்டீசையும் ஒட்டியிருக்கிறாள். தலைகீழாக. படம் எப்படிப் பிடித்தாலும் ஒரே மாதிரி இருக்கிறதே, அவள் என்ன செய்வாள்? நானும் திருப்பி ஒட்டவில்லை. மேலே இருந்து பார்க்கிற உனக்கு அதுதான் நேராகத் தெரியுமோ என்னவோ.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இன்னும் எத்தனை நோட்டீசு அடித்தாலும் அந்த உரல்கட்டையை மாற்றமாட்டேன். முன்பாட்டு என்ற இடத்தில் உன் பெயரைத் தவிர வேறு எந்தப் பெயரும் ஏறாது. ஆளு எங்கே என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். அப்படிக் கேட்டால்தானே எனக்குப் பாட்டே வருகிறது?

உனக்குப் பின்னால் நின்றே பழகிய அக்கா புருசன்,
பின்பாட்டு பொன்னுசாமி