சரிவு நிலத்துக்கு ஓர் ஆட்சேபணை

குன்னூர்
12.11.2024

அன்பு அத்தானுக்கு, கோமளா எழுதிக்கொள்வது.

போனில் நான் எதைக் கேட்டாலும் ‘ம்’ என்கிறீர்கள், அதிலிருந்து சண்டை கிளம்புகிறது. இனி கடிதம்தான். வெறும் ‘ம்’மை உறையில் போட்டு அனுப்ப உங்களுக்கே வெட்கமாக இருக்கும்.

நம் சரிவு நிலத்தின் மண்ணைப் பார்க்கப் புவியியல், சுரங்கத் துறையிலிருந்து வந்தார்கள். மழைக்கு மண் தாங்காது, தாங்குசுவர் வேண்டும் என்று ஆட்சேபணை எழுதிவிட்டார்கள். சில்வர் ஓக் மரத்தைத் தொடக்கூடாது என்று வனத்துறை ஆட்சேபணை. இவர்கள் எல்லாரும் தடையில்லாச் சான்று கொடுத்தால்தான் நகராட்சி கட்டட அனுமதி தரும். வீட்டையும் சுருக்க வேண்டுமாம். இரண்டு அறைகளில் ஒன்று போகும். ஒன்று என் தையல் மிஷினுக்கு. பள்ளத்தாக்கைப் பார்க்கிற மற்றது, ரிட்டயர் ஆனபின் நீங்கள் இருமாமல் உட்கார்ந்து படிக்க. வரைபடத்தில் எதை அடிப்பது என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்த வாடகை அறையில் சாயங்காலமானால் பேச ஆளில்லை. அங்கே டெல்லியில் புகை எப்படி?

அன்புடன்,
கோமளா

கிட்வாய் நகர், டெல்லி
25.11.2024

அன்புள்ள கோமளாவுக்கு,

நலம். உன் நலமறிய ஆவல். புகையில் எதிர் பிளாக் தெரியவில்லை. ரஜாய்க்கு, அதுதான் நம் பஞ்சுப் போர்வைக்கு, உறை மாட்ட இரண்டு பேர் வேண்டும் என்பது இப்போதுதான் புரிந்தது. உறையில்லாமலே போர்த்திக்கொள்கிறேன். காய்கறிக்காரன், ‘மேம்சாப் கப் ஆயேங்கி?’ என்று நீ எப்போது வருவாய் எனத் தினமும் கேட்கிறான். ‘ஜல்தி’, சீக்கிரமே என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அறை விஷயம் உன் வசதிப்படி செய். எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
பரமசிவம்

குன்னூர்
9.12.2024

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. நிஜாமுதீன் ஸ்டேஷனில், ‘நான் குன்னூரிலேயே இருந்துவிடட்டுமா?’ என்று கேட்டேனே, அப்போதும் இதே பதில்தான். ரயில் நகரும்வரை நீங்கள் வேறு ஏதாவது சொல்வீர்கள் என்று ஜன்னலை விட்டு நகராமல் இருந்தேன்.

இங்கே மண்ணுக்காக ஒருத்தர் ஆட்சேபிக்கிறார், மரத்துக்காக ஒருத்தர் ஆட்சேபிக்கிறார். எனக்காக ஆட்சேபிக்க ஓர் ஆள் இல்லை. சரி. உங்கள் அறையை அடித்துவிட்டேன். நிலம் இரண்டு பேர் பெயரிலும் இருப்பதால் உங்கள் சம்மதம் கேட்கிறார்கள். மற்ற சான்றுகள் வந்துவிட்டன. வரைபடமும் தாளும் இத்துடன் இருக்கின்றன. கையெழுத்துப் போட்டு உடனே அனுப்புங்கள், தாமதித்தால் மனு திரும்பிவிடும்.

கோமளா

கிட்வாய் நகர், டெல்லி
28.12.2024

அன்புள்ள கோமளாவுக்கு,

தாளைக் கையெழுத்துப் போடாமல் திருப்பியிருக்கிறேன். அதனால் உன் அலைச்சல் வீணாகும் என்று தெரியும். தெரிந்தேதான் செய்கிறேன்.

லோதி ரோடு ஆபீஸில் ‘ஆட்சேபணை இல்லை’ என்பதைவிடப் பிரியமான சொல் எங்களுக்குக் கிடையாது. அதை எழுதினால் ஒருவரை மனதார வழியனுப்புகிறோம் என்று அர்த்தம். உனக்கும் அப்படித்தான் கேட்கும் என்று நினைத்துவிட்டேன்.

வரைபடத்தில் என் அறைமேல் சிவப்புக் கோட்டைப் பார்த்தேன். மார்ச்சில் இந்தக் குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போது எங்கே போவது என்று அதற்கு முன் நான் யோசித்ததே இல்லை. உன்னிடம்தான் என்றே இருந்துவிட்டேன். எனவே ஆட்சேபணை: அந்த அறை எனக்கு வேண்டும். நீ அங்கே தனியாக இருப்பதிலும் ஆட்சேபணை உண்டு. ஆரம்பத்திலிருந்தே உண்டு.

இப்படிக்கு,
பரமசிவம்

குன்னூர்
13.1.2025

அன்பு அத்தானுக்கு,

மனு திரும்பிவிட்டது. சரிவில் ஏறி இறங்கி என் முழங்கால் வீங்கியதுதான் மிச்சம். முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆபீஸ் வாசலில் நின்று உங்களைத் திட்டினேன். அறைக்கு வந்து உங்கள் கடிதத்தை மறுபடி படித்துவிட்டு அழுதேன்.

இன்ஜினீயரிடம் வேறு வரைபடம் கேட்டிருக்கிறேன். ஒரே அறைதான், கொஞ்சம் நீளமாக. ஜன்னல் பக்கம் உங்கள் நாற்காலி, கதவுப் பக்கம் என் மிஷின். அது கடகடக்கும், நீங்கள் இருமுவீர்கள்.

ஆட்சேபணை உள்ளவர் நிலத்தைப் பார்க்க நேரில் வர வேண்டுமாம். அப்படி எந்த விதியில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். வரும்போது ரஜாயையும் உறையையும் எடுத்து வாருங்கள்.

உங்கள்
கோமளா