கிளைப்பாதையில் திரும்பியவருக்கு

செயின்ட்-மிஷேல், மொன்றியல்
12.08.2005, வெள்ளிக்கிழமை

அன்புள்ள பிரியந்தி அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. சுகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சுகத்தைத்தான் மூன்று நாளாகக் கண்டவர் எல்லோரிடமும் விசாரிக்கிறேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

இந்தக் கடிதத்தை றொபின்சன் நாளைக் காலை வடக்கே கொண்டுவருகிறார். ஜேம்ஸ் பே சாலையில் 381ஆம் கிலோமீற்றரில் இருக்கும் பெற்றோல் நிலையத்தின் அறிவித்தல் பலகையில் குத்திவிடச் சொல்லியிருக்கிறேன். அறுநூறு கிலோமீற்றர் நீளச் சாலைக்கு அது ஒன்றுதான் பெற்றோல் நிலையமாம். அந்தக் காட்டிலிருந்து எவர் வெளியே வந்தாலும் அங்கே நிற்காமல் போக முடியாது என்று அங்கே உங்களைத் தேடிக்கொண்டு நிற்கும் அன்டன் அண்ணை ரெலிபோனில் சொன்னார். ஆகவே நீங்களும் அங்கே நிற்பீர்கள், இதைப் படிப்பீர்கள். படித்ததும் கோப்பி வாங்க வரிசையில் நிற்காமல் முதலில் வீட்டுக்கு ரெலிபோன் எடுங்கள்.

நடந்தது என்று எங்களுக்குச் சொல்லப்பட்டதை எழுதுகிறேன். பிழை இருந்தால் வந்து திருத்துங்கள். புதன்கிழமை நீங்கள் ஒன்பது பேரும் அந்த நிலையத்தில் பைக்குகளுக்குப் பெற்றோல் நிரப்பிக்கொண்டு சாலை முடிகிற றடிசனுக்குப் புறப்பட்டீர்கள். றொபின்சன் கடைசி ஆள். யாரும் பின்தங்காமல் பார்த்து வருவது அவருடைய வேலை. எண்பது கிலோமீற்றர் போனதும் நீங்கள் வேகத்தைக் குறைத்து, கையை உயர்த்திக் காட்டி, வலது பக்கம் ஒரு கிரவல் பாதைக்குள் திரும்பினீர்கள். றொபின்சன் அந்த வாசலில் அரை மணித்தியாலம் நுளம்புக்கடியில் நின்றார். பிறகு, அந்தப் பாதை முன்னாலே போய்ப் பெரிய சாலையில் ஏறும் என்று தானாக ஒரு முடிவெடுத்து மற்றவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டார். றடிசனில் எண்ணிப் பார்த்தபோது எட்டுப் பேர்.

ரெலிபோனில் சொல்ல முடியாமல் அந்த மனுசன் ஆயிரத்து நூறு கிலோமீற்றர் ஓடி இன்று காலை எங்கள் வாசலில் வந்து நின்றார். முகமெல்லாம் பூச்சி கடித்து வீங்கியிருந்தது. ஏன் ஒரு குரல் கொடுக்கவில்லை, எங்கே போகிறீர்கள் என்று ஏன் கேட்கவில்லை என்று அவரிடம் கேட்டேன். அக்கா, பயணத்தில போற ஆளைப் பின்னால கூப்பிட்டா நல்லதில்லை எண்டு வாயை மூடிக்கிட்டு இருந்துட்டன், மறுகா வருவார் எண்டு நினைச்சன் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில், காதடைக்கும் இயந்திரத்தில் போகிறவருக்கு நல்லதென்ன கெட்டதென்ன என்று வாசலில் வைத்தே பேசிவிட்டேன். பிறகுதான் உள்ளே கூப்பிட்டுச் சாப்பாடு போட்டேன். மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார், பாவம்.

அவர்கள் திரும்பிப் போய்த் தேடாமலில்லை. அந்தச் சாலையோரம் முழுவதும் கிரவல் பாதைகளாம். வேட்டைக்காரரின் குடிலுக்கு ஒன்று, கல்லுடைத்த குழிக்கு ஒன்று, குளத்துக்கு ஒன்று. எந்த வாசலில் நின்றேன் என்று றொபின்சனுக்கு இப்போது நிச்சயமில்லை.

நேற்று வீட்டுக்குப் பொலிஸ் வந்தது. ஒரு பெண், முப்பது வயதிருக்கும். பிரெஞ்சில்தான் கேட்டாள், பிரியந்தி மொழிபெயர்த்தாள். புறப்படும்போது எங்கே எங்கே நிற்பேன், எந்தப் பாதையால் போவேன் என்று கணவர் சொன்னாரா என்று கேட்டாள். சொல்லவில்லை என்றேன். நீங்கள் கேட்கவில்லையா என்றாள். பயணம் புறப்படுகிறவரை எங்கே என்று கேட்பது எங்களுக்குள் வழக்கமில்லை, கேட்டால் போகிற காரியம் தடக்கும் என்றேன். பிள்ளை அதை மொழிபெயர்க்க நீண்ட நேரம் எடுத்தாள். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு, நான் எதையோ ஒளிக்கிறேன் என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

துறைமுகத்திலிருந்து உங்கள் மேலாளர் கூப்பிட்டார். திங்கட்கிழமை இரண்டு கன்ரெயினர் உங்களுக்கு வைத்திருக்கிறாராம். காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன், வந்து நீங்களும் அதையே சொல்லுங்கள். அன்றைக்குத்தான் மாதா பெருநாளும். பவனியில் மாதாவின் சுரூபம் தூக்குவதில் உங்களுக்கு முன் இடது பக்கம். தோல் சட்டையின் முதுகில் மாதாவின் படத்தைத் தைத்துக்கொண்டு மடு மாதா மோட்டார் சைக்கிள் சங்கம் என்று ஊரைச் சுற்றினால் போதாது, தோளும் கொடுக்க வேண்டும்.

அங்கே இரவில் குளிராம். உங்களிடம் கம்பளி இருக்கிறதா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. மாதா உங்களைக் கண்ணுக்குள் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
மாக்கிரட்


செயின்ட்-மிஷேல், மொன்றியல்
16.08.2005, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள பிரியந்தி அப்பாவுக்கு,

பைக் கிடைத்துவிட்டது. நீங்கள் இன்னும் இல்லை.

நேற்றுப் பின்னேரம் பெருநாள் பூசைக்குச் சேலை உடுத்துக்கொண்டிருக்கும்போது அன்டன் அண்ணை கூப்பிட்டார். மீன் பிடிக்கப் போன கிறீ பழங்குடி மனிதர் ஒருவர் குளக்கரை ஒன்றில் கண்டிருக்கிறார். பெரிய சாலையிலிருந்து அறுபது கிலோமீற்றர் உள்ளே. விழுந்திருக்கவில்லை, உடையவில்லை. ஸ்ராண்டில் நேராக நிறுத்தி, ஹெல்மற்றைக் கண்ணாடியில் கொழுவி, கையுறைகளை அதற்குள் மடித்து வைத்திருந்ததாம். பெற்றோல் ஒரு சொட்டு இல்லை.

பூசைக்குப் போனேன். போகாமல் இருந்திருந்தால் வீட்டுச் சுவரைத்தான் பார்த்திருப்பேன். உங்கள் இடத்தில் சவிரிமுத்துவைப் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். அவர் கட்டை. மாதா முழு வழியும் இடது பக்கம் சாய்ந்தபடியே போனார். சனம் என்னைப் பார்த்ததா மாதாவைப் பார்த்ததா தெரியாது. சனத்துக்குள் இருந்து அக்னெஸ் மட்டும் வந்து, பவனி முடியும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவளுக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள்.

இன்று காலை அதே பொலிஸ்காரி திரும்ப வந்தாள். இம்முறை பாதையைப் பற்றிக் கேட்கவில்லை, உங்களைப் பற்றிக் கேட்டாள். அண்மைக் காலத்தில் கவலையாக இருந்தாரா, நித்திரை கொண்டாரா, புறப்படும் முன் வீட்டில் ஏதாவது பிரச்சினை நடந்ததா என்று. ஹெல்மற்றைக் கொழுவி, கையுறையை மடித்து வைத்துவிட்டுப் போன மனிதரைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்று விளங்க எனக்குப் பிரெஞ்சு தேவைப்படவில்லை. இல்லை, ஒரு பிரச்சினையும் இல்லை என்றேன். பிரியந்தி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு அந்த இல்லையை மொழிபெயர்த்தாள். பொலிஸ்காரி போன பிறகு பிள்ளை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டாள்.

மத்தியானம் அவளாகத்தான் வெளியே வந்தாள். கையில் ஒரு கொப்பித்தாள். நீங்கள் ஒவ்வொரு முறையும் பெற்றோல் நிரப்பியவுடன் கிலோமீற்றர் மானியைப் பூச்சியத்துக்குத் திருப்பிவிடுவது அவளுக்குத் தெரியும், லொறிப் பழக்கம் என்று நீங்களே காட்டிக் கொடுத்தீர்களாம். அன்டன் அண்ணைக்கு ரெலிபோன் எடுத்து அந்த மானி இப்போது என்ன காட்டுகிறது என்று கேட்டிருக்கிறாள். முன்னூற்றுப் பத்து. பெரிய சாலையில் எண்பது, குளம்வரை அறுபது. அது நூற்று நாற்பது. மிச்சம் நூற்று எழுபது கிலோமீற்றர் அப்பா எங்கே ஓடினார் அம்மா என்று கேட்டாள். எனக்கு விளங்கவில்லை. அப்பா வழியைத் தேடி ஓடியிருக்கிறார் அம்மா, திரும்பி வாற வழியை, பெற்றோல் முடியிற வரைக்கும் என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன்.

அந்தத் தாளைப் பொலிஸ்காரிக்கு அனுப்பச் சொன்னேன். தொலைந்துபோக நினைத்த மனிதர் நூற்று எழுபது கிலோமீற்றர் வழி தேடமாட்டார் என்று கீழே எழுதச் சொன்னேன். பிள்ளை பிரெஞ்சில் நன்றாகத்தான் எழுதியிருப்பாள்.

நாய்களையும் ஹெலிகொப்ரரையும் கொண்டு தேடுகிறார்கள். உங்கள் கிளப்காரர் ஒருவரும் வேலைக்குத் திரும்பவில்லை. றொபின்சனுக்கு அந்தத் தொழிற்சாலையில் வேலையே போய்விடும் போலிருக்கிறது, அவர் அசையவில்லை. அவரைப் பற்றி முதல் கடிதத்தில் எழுதியதை அழித்துவிடுங்கள்.

நடக்காதீர்கள். எங்கே இருந்தாலும் அங்கேயே இருங்கள், ஆட்கள் வருகிறார்கள். காயம் இருந்தால் தண்ணீர் படாமல் கட்டுங்கள். மாதா பக்கத்தில் இருப்பார்.

இப்படிக்கு,
மாக்கிரட்


குளக்கரையில் இருந்து
24.08.2005, புதன்கிழமை

அன்புள்ள பிரியந்தி அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை உங்கள் பைக்குக்குப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். அன்டன் அண்ணையின் வானில் இரண்டு நாள் ஓடி வந்தோம். பிள்ளையும் வந்திருக்கிறாள். மத்தியானம் ஒரு மணி, வெயில் இருக்கிறது, ஆனால் சுடவில்லை. நீங்கள் படத்தில் காட்டிய காடு இதுதான் என்றால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆள் உயரத்து மரங்களும் வெள்ளைப் பாசியும்தான். எந்தப் பக்கம் பார்த்தாலும் அதே மரம், அதே பாசி, அதே குளம். பத்தடி உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தேன், வான் எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஒரு கணம் தெரியவில்லை. அப்போதுதான் உங்களுக்கு என்ன நடந்திருக்கும் என்று எனக்கு முழுதாக விளங்கியது.

நாய்கள் வெள்ளிக்கிழமை திரும்பிப் போய்விட்டன. ஹெலிகொப்ரர் கடைசியாகப் பறந்தது திங்கட்கிழமை. கோப்பு மூடப்படவில்லை, தேடும் முறைதான் மாறுகிறது என்று பொலிஸ்காரி பிள்ளைக்குச் சொன்னாள். நல்ல பிள்ளை அவள், இவ்வளவு தூரம் தானும் வந்திருக்கிறாள். சொல்லும்போது என் தோளில் கை வைத்திருந்தாள்.

அவளிடம் இன்று காலை பெற்றோல் நிலையத்தில் வைத்து முழு உண்மையையும் சொல்லிவிட்டேன். உங்களுக்கும் சொல்ல வேண்டும். எங்கே என்று கேட்கக் கூடாதுதான். ஆனால் தூரமோ என்று கேட்கலாம். பதினெட்டு வருடமும் நான் அப்படித்தான் கேட்டிருக்கிறேன், நீங்களும் இன்ன இடத்துக்கு, இத்தனை மணிக்கு வருவேன் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் போவீர்கள். அந்தக் காலை நீங்கள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, கட்டிய கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டு, வாசலில் நின்றீர்கள். நான் கேட்பேன் என்று நின்றீர்கள். நான் சமையலறையில் பானையைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். வழக்கம் என்று பொலிஸுக்குச் சொன்னது வாய்க்கு வசதியான கதை. கோபம்தான் காரணம்.

நீங்கள் புறப்படுவதற்கு முதல் நாள் நான் சொன்னது பிள்ளைக்கும் கேட்டிருக்கிறது. பரீட்சையில் பிள்ளை நல்ல புள்ளி எடுத்து வந்த நாளில்கூட நீங்கள் வாய் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு பைக் கழுவப் போய்விட்டீர்கள். மாரி முழுவதும் வீட்டில் ஒரு சொல் இல்லை. அதனால்தான், நீங்கள் இருந்தாலும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்றேன். சொன்னவள் நான். இந்த இரண்டு கிழமையில் அது பொய் என்று அறிந்தவளும் நான். நீங்கள் ஏன் அந்தப் பாதைக்குள் திரும்பினீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு குளத்தைப் பார்க்கத் திரும்பியிருக்கலாம். கொஞ்ச நேரம் தனியாக இருக்கத் திரும்பியிருக்கலாம். கேட்கமாட்டேன்.

பைக்கை வானில் ஏற்றிக்கொண்டு போவதற்குத்தான் வந்தோம். பலகை, கயிறு எல்லாம் கொண்டுவந்திருந்தோம். அன்டன் அண்ணை பலகையை இறக்கி வைத்தபோது நான் வேண்டாம் என்றேன். அவர் என்னோடு வாதாடவில்லை. பொலிஸ்காரி தன் மேலதிகாரியோடு நெடுநேரம் கதைத்துவிட்டு, பனி விழும்வரை இங்கேயே நிற்கட்டும் என்று அனுமதி வாங்கித் தந்தாள். சாப்பாடு வைக்க வேண்டாம், கரடி வரும் என்றாள். ஆகவே சாப்பாடு வைக்கவில்லை, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பெற்றோல் விளிம்புவரை நிரப்பியிருக்கிறோம். பின் பெட்டியில் இன்னும் பத்து லீற்றர் கலனில் இருக்கிறது. பற்றறி நல்லாக இருக்கிறது, றொபின்சன் இரண்டு தரம் ஸ்ராட் பண்ணிப் பார்த்தார், உடனே பிடித்தது. சாவியை இருக்கைக்குக் கீழே வைத்திருக்கிறேன். உங்கள் தடித்த கம்பளிச் சட்டையும் நெருப்புப் பெட்டியும் இந்தக் கடிதத்தோடு பொலித்தீனில் சுற்றியிருக்கின்றன.

பெருநாளுக்குக் கோயிலில் கட்டிய நீலத் துணியை அக்னெஸ் வாங்கித் தந்தாள். அதைக் கிழித்து, இங்கேயிருந்து பெரிய சாலைவரை ஒவ்வொரு பிரிவிலும் றொபின்சன் கட்டியிருக்கிறார். இருபத்திரண்டு பிரிவு. துணி தெரிகிற பக்கமே திரும்புங்கள், வேறு எங்கும் திரும்பாதீர்கள். பெரிய சாலையில் ஏறியதும் இடது பக்கம். எண்பது கிலோமீற்றரில் பெற்றோல் நிலையம். அங்கே வேலை செய்கிற பெண்ணிடம் உங்கள் படம் இருக்கிறது, எங்கள் நம்பரும் இருக்கிறது. வீட்டில் ஒருவர் எப்போதும் ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருப்போம்.

ஒக்ரோபரில் இங்கே பனி தொடங்கிவிடுமாம். பனி மூடினால் துணி தெரியாது. அதற்கு முதல் வந்துவிடுங்கள்.

உங்கள்
மாக்கிரட்