அம்மா சொல்லிவிட்டதாக

சுப்ரஜாவின் அம்மாவுக்கு,

பொய் சொன்னாள் என்று ஏழு வயதுப் பிள்ளையை ஸ்கேலால் அடித்திருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்தபோது காலில் தடம் இருந்தது. போனில் கேட்டால், "பொய் சொல்ல நீங்கதான் பழக்குதிய. இனிமே அனுப்ப மாட்டேன்" என்று வைத்துவிட்டாய்.

அப்படி உன்னிடம் என்ன பொய் சொன்னாள்? "முக்கூடல் பஸ்ல நின்னுக்கிட்டே போவாதயாம், கால் வலிக்குமாம். அப்பா சொல்லச் சொன்னாவ." இவ்வளவுதான். "என் காலைப் பற்றி உங்களுக்கு என்ன அக்கறை?" என்று நீ எனக்குச் செய்தி அனுப்பினாய். நான் எதுவுமே சொல்லவில்லை என்று பதில் போட்டேன். அந்தப் பதிலால்தான் அவளுக்கு அடி விழுந்தது.

என்னிடமும் சொல்லியிருக்கிறாள். "நேரத்துக்குச் சாப்பிடணுமாம்ப்பா, அம்மா சொன்னா." இரண்டு பக்கமும் இனிக்கப் பேசி வியாபாரத்தை முடித்துவைக்கும் கருப்பட்டித் தரகர்களோடு இருபது வருடம் பழகியவன் நான். சொந்த மகளிடம் ஏமாந்தேன். விவாகரத்தான இந்த ஒரு வருடமாக நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

கோர்ட்டில் நீயும் நானும் ஒருவரைப் பற்றி ஒருவர் சொன்னதில் பாதி பொய். நம்மை எவரும் ஸ்கேலால் அடிக்கவில்லை.

"எதுக்கு ஏட்டி அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"நீங்க ரெண்டுபேரும் சொல்லவே மாட்டேங்கியளே."

"சரி, இன்னைக்கு அம்மா என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல."

உண்மையைச் சொல்லிவிட்டாள். அதன்பிறகு சாயங்காலம் வரை வாயே திறக்கவில்லை. உனக்குத் திருப்திதானே?

வருகிற ஞாயிறு அவளை அனுப்பு. அனுப்பும்போது ஏதாவது ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. என்னை ஏசுவதாக இருந்தாலும் சரி.

அவள் அப்பா