பெரியவன் அளவுக்கு நீளும் ஸ்ட்ராப்

சின்னவனுக்கு,

நான் தையல் கடைக்குக் கிளம்புகிறேன். சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. என் மேல் இருக்கும் கோபத்தை அதில் காட்டாதே.

உன் பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டும் ஸ்ட்ராப்பைச் சரிசெய்துவிட்டேன். அதன் ஓட்டை தளர்ந்துபோனதால்தான் ஒத்திகையில் கிட்டாரின் குமிழிலிருந்து கழன்றுகொண்டது. சுற்றிலும் தோல் வைத்துத் தைத்து, குமிழில் ரப்பர் வளையமும் போட்டிருக்கிறேன். இனி இழுத்தாலும் வராது.

இன்னொன்று. ஸ்ட்ராப்பை நீ உன் அளவுக்குச் சுருக்கி வைத்தாலும், மறுநாள் அது அண்ணன் உயிரோடு இருந்தபோது வைத்திருந்த அளவுக்கு நீண்டு கிடக்கிறதே, அது உன் வேலைதான் என்று நேற்று கத்தினேன். "நான் தொடவே இல்லம்மா"ன்னு சொல்லிவிட்டு டிரம்மர் வீட்டுக்குப் படுக்கப் போய்விட்டாய். பிறகு நானே அதை உன் அளவுக்கு வைத்து, கிட்டார் இருக்கும் அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு படுத்தேன். காலையில் திறந்தால் மறுபடி பெரியவன் அளவு.

நீ இல்லை, கண்ணா. தெரிந்துவிட்டது.

"தம்பிக்கு இன்னைக்குக் கச்சேரிடா. விட்டுக்கொடுடா"ன்னு வாய்விட்டுச் சொல்லித்தான் திரும்பச் சுருக்கினேன்.

அறைச் சாவி மீட்டர் பெட்டி மேல். டிரம்மர் வண்டியோடு வந்தால் அவனையும் சாப்பிடச் சொல்.

எழுதி முடித்த பிறகு இன்னொன்று: செருப்பை மாட்டிய பிறகு மனசு கேட்காமல் போய்ப் பார்த்தேன். சுருக்கிய அளவிலேயே இருக்கிறது. தோளில் படும் இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ இப்போதுதான் கழற்றி வைத்த மாதிரி. பயப்படாமல் மாட்டிக்கொள்.

அம்மா